நெஞ்சுத் துண்டு

எங்கள் வீட்டில் வளர்ந்த கோழிகளில் நடக்க விருப்பமில்லாத கோழிகள் ஏழு இருந்தன. இன்றைக்கு எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீட்டில் புறொயிலர் கோழி வளர்க்கிறார்கள். அதுகள் இருந்த இடத்திலேயே இருந்து தின்று கொழுப்பதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது உரும்பிராயில் கோழி என்றால் வேலி பாயும், கூரையில் ஏறும், பொழுதுபட்டால் முருங்கையில் போய் இருக்கும். ஒன்றைப் பிடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு அந்த வெள்ளைக் கோழிகள் வந்தது அம்மானுக்காக.

அம்மான் என்றால் அம்மாவின் அண்ணை. அளவெட்டியில் இருந்தார். சைக்கிளில் ஒரு மணித்தியாலம்கூட ஆகாத தூரம்தான். இருந்தும் நான் அவரைக் கண்டதில்லை. அவர் பேசி வைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டு அம்மா எங்கள் ஐயாவைக் கட்டினார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மம்மா செத்துப்போனார். அதற்குக்கூட எங்களுக்கு ஆள் அனுப்பவில்லை. சந்தையில் யாரோ சொல்லக் கேட்டு அம்மா ஓடிப்போய், படலையடியில் நின்று அழுதுவிட்டு, யாரும் உள்ளே கூப்பிடாதபடியால் அப்படியே திரும்பி வந்தாராம். எட்டுச்செலவுக்கும் போகவில்லை. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் மீன், இறைச்சி என்று மச்சத்தோடு சமைத்துப் படைத்து, சொந்தக்காரர் கூடியிருந்து சாப்பிடுகிற எட்டாம் நாள் அது. கூப்பிடாத வீட்டில் போய் எப்படி இலை போட்டு இருப்பது.

அந்த அம்மானிடமிருந்து ஒரு நாள் செய்தி வந்தது. ஐயாவிடம் வெங்காயம் வாங்க வருகிற அளவெட்டி மனிதர் ஒருவர்தான் கொண்டுவந்தார். அம்மானின் மூத்த மகளுக்கு வைகாசியில் கலியாணம். சித்திரை வருஷம் பிறந்த பிறகு இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவரே நேரில் வந்து சொல்லுவாராம்.

அம்மா அன்றைக்கு இரண்டு தரம் உலையில் அரிசி போட்டார். முதல் போட்டதை மறந்துபோனார்.

கலியாணம் சொல்ல வருகிறவர்கள் தேத்தண்ணியோடு எழும்பிவிடுவார்கள். அது அம்மாவுக்குப் போதாது. "தேத்தண்ணி றோட்டாலை போறவனும் குடிப்பான். அண்ணை என்ரை வீட்டிலை இருந்து சோறு தின்னவேணும். தின்றால்தான் கோபம் போச்சு எண்டு நான் நம்புவன்" என்றார்.

"அதுக்கென்ன, கோழி ஒண்டை அடிப்பம்" என்றார் ஐயா.

"ஊர்க்கோழியிலை என்ன கிடக்கு, எலும்பு. சின்னனிலை வீட்டிலை கோழி அடிச்சால் அண்ணை நெஞ்சுத்துண்டை என்ரை சோத்துக் கோப்பையிலை போட்டிட்டுத் தான் கழுத்தைச் சூப்பிக்கொண்டு இருப்பார். ஒரு நாளும் அவர் அதைத் தின்னேல்லை. இந்தமுறை அவர் தின்னவேணும். கையளவு நெஞ்சுத்துண்டாய்த் தின்னவேணும்."

"கையளவு எண்டால் மயிலைத்தான் பிடிக்கவேணும்" என்றார் ஐயா.

மயில் பிடிக்கவில்லை. ஐயாவின் சிநேகிதர் ஒருவர் எங்கேயோ சொல்லி வைத்து, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி ஒன்று கொழும்பு ரயிலில் வந்தது. உள்ளே பத்துக் குஞ்சுகள். பொரித்து இரண்டு நாள்கூட இருக்காது. இறைச்சிக்கென்றே வந்த சாதி, எட்டுக் கிழமையில் நிறை வந்துவிடும் என்றார் அந்தச் சிநேகிதர். அம்மா விரல்விட்டு எண்ணினார். எட்டாவது கிழமை, அம்மான் வருவதாகச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் போய் முடிந்தது. அம்மா பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த நேரம் எங்கள் கறுத்தப் பேட்டுக்கோழி அடையில் கிடந்தது. பொழுதுபடுகிற நேரம் அம்மா அதன் வயிற்றுக்குக் கீழே இருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, குஞ்சுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். பேடு ஒருதரம் உறுமியது. பிறகு செட்டையை அகட்டி எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகள் என்று அதற்கு யார் சொல்லுவது.

குஞ்சுகளைப் பார்க்கிற வேலை எனக்கு வந்தது. நான் வாய் திறவாத பிள்ளை. வீட்டுக்கு ஆள் வந்தால் குசினிக் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கச் சொன்னால் தெரிந்த பாடமும் தொண்டையில் நின்றுவிடும். கோழிகளோடு அந்தக் கரைச்சல் இல்லை. அதுகள் கேள்வி கேட்பதில்லை.

குறுணலும் தவிடும் எள்ளுப் புண்ணாக்கும் சேர்த்து, காய்ந்த நெத்தலியை உரலில் இடித்த தூளையும் கலந்து அம்மா தீன் செய்து தருவார். முருங்கையிலையை நான் சின்னனாகக் கிள்ளிப் போடுவேன். அதைத் தவிரக் கறையானும் போடுவேன். பழைய பானைக்குள் தென்னம்பொச்சும் சாணியும் ஈரமாக அடைத்து வேலிக்கரையில் கவிழ்த்து வைத்தால், அடுத்த நாள் காலமை பானை நிறையக் கறையான் பிடித்திருக்கும். நிமிர்த்திக் கொட்டினால் கறுத்தப் பேடு கொக்கரித்துக் கூப்பிடும். ஊர்க் குஞ்சுகள் என்றால் தலைகால் தெரியாமல் ஓடிவரும். இதுகள் எழும்பிப் பார்க்கும், பிறகு இருந்துவிடும். தீன் தட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதுகளுக்கு உலகம். பேடு வாயில் ஒவ்வொரு கறையானாகக் கொண்டுபோய் அதுகளின் முன்னால் போடும்.

மூன்றாம் கிழமையில்தான் அந்தப் பிழை நடந்தது. அது என் பிழை. கூட்டுக்குள் உமி பரப்பி இருந்தோம். உமி காய்ந்து கிடக்க வேண்டும் என்று அம்மா எத்தனையோ தரம் சொல்லியிருந்தார். நான் ஒவ்வொரு முறையும் கிணற்றடிக்கு நடக்கப் பஞ்சிப்பட்டு, தண்ணிச் சட்டியை விளிம்பு தட்ட நிரப்பி வைத்துவிட்டு விளையாடப் போனேன். குஞ்சுகள் சட்டிக்குள் ஏறி நின்று தண்ணியை எல்லாப் பக்கமும் சிந்திவிட்டன. இரண்டு மூன்று நாள் அப்படியே நடந்தது. ஈர உமியில் கிடந்து குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்தன. ஒரே நாளில் மூன்று செத்தன. மற்றவை செட்டையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றன.

அம்மா செத்தவற்றை முந்தானையில் ஏந்திக்கொண்டு மாமரத்தடியில் இருந்து அழுதார். எனக்கு ஒரு அடியும் விழவில்லை. அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அண்ணை வாற நேரம் எனக்கு இப்பிடித்தான் நடக்கும். எனக்கு எழுதினது இதுதான்" என்று அவர் தனக்குத்தானே சொன்னதுதான் காதில் விழுந்தது.

ஐயா மிருக வைத்தியரிடம் மருந்துத் தூள் வாங்கிவரச் சைக்கிளை எடுத்தார். நான் மற்றப் பக்கத்தால் ஓடினேன். எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு சின்ன முருகன் கோயில். அங்கே வெளி வீதியில் எப்போதும் ஏழெட்டுச் சேவல்கள் திரியும். வருத்தம் துன்பம் வந்தால் சனங்கள் முருகனுக்குச் சேவல் நேர்ந்து, உயிரோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அதுகளை யாரும் தொடமாட்டார்கள். ஒருவன் அதில் ஒன்றைப் பிடித்து அடித்துத் தின்று, மூன்றாம் நாள் வாய் ஒரு பக்கமாகக் கோணிப்போனதாம். அவனை நாங்கள் யாரும் கண்டதில்லை. கண்டவர்களைக் கண்டவர்கள் இருந்தார்கள்.

கோயில் பூட்டிக் கிடந்தது. நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "முருகா, மிச்சக் குஞ்சைப் பிழைக்க வை. பிழைச்சால் எல்லாம் உனக்குத்தான்" என்றேன். வாய் திறந்து சத்தமாகவே சொன்னேன். கேட்க ஆளில்லை என்றால் எனக்கும் பேச்சு வரும்.

ஏழும் பிழைத்தன. மருந்து என்றார் ஐயா. உமியை மாற்றியதுதான் என்றார் அம்மா. நான் கோயில் இருக்கிற பக்கம் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அதுகள் வளர்ந்த வளர்த்தியைச் சொன்னால் அந்தக் காலத்தில் யாரும் நம்பமாட்டார்கள். நேற்றுப் போட்ட கூடை இன்றைக்குப் போதாது. ஐந்தாம் கிழமையில் கறுத்தப் பேட்டைவிடப் பெரிதாகிவிட்டன. பேடு விடவில்லை. பொழுதுபட்டதும் முருங்கையில் ஏறி நின்று கூப்பிடும். வெள்ளைக் கோழிகள் நிலத்தில் இருந்தபடி அண்ணாந்து பார்க்கும். கொஞ்ச நேரம் கூப்பிட்டுவிட்டுப் பேடு இறங்கி வந்து, அதுகளின் நடுவில் புகுந்து செட்டையை அகட்டும். ஒரு பானை மூடியால் ஏழு பானையை மூடப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். பருந்து வந்தால் பேடு கத்திக்கொண்டு வேலிக்குள் பாயும். இதுகள் தீனிலிருந்து தலையை எடுக்காது. பருந்தும் ஒருதரம் தாழ வந்து பார்த்துவிட்டு, தூக்கேலாது என்று போய்விட்டது.

பக்கத்து வளவுப் பெரியம்மா வேலிப் பொட்டுக்கால் பார்த்துவிட்டு, "எடி பிள்ளை, உது கோழியோ, செட்டை முளைச்ச பூசணிக்காயோ?" என்று கேட்டார்.

"கோழிதான் அக்கா. கொழும்புக் கோழி" என்றார் அம்மா பெருமையாக.

"அதுதான் பாத்தன், கந்தோர் உத்தியோகத்தர் மாதிரி இருந்த இடத்திலேயே இருக்குது."

சித்திரை வெயில் ஏற ஏற வேறு கவலை வந்தது. நிறை கூடக்கூட அதுகளின் கால் தாங்கவில்லை. இந்தச் சாதிக்குத் தீன் முழுநாளும் கிடந்தால் முழுநாளும் தின்னும், பிறகு காலில் விழுந்துவிடும் என்று ஐயாவின் சிநேகிதர் சொல்லியிருந்தார். அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். தீன் தட்டைக் கூட்டின் ஒரு தலைப்பிலும் தண்ணிச் சட்டியை மற்றத் தலைப்பிலும் வைத்தார். தண்ணி குடிக்கவென்றாலும் நடக்கட்டும் என்று. அதுகள் நான்கு அடி நடக்கும், இருக்கும், என்னைப் பார்க்கும், பிறகு நான்கு அடி நடக்கும். மத்தியானத்தில் தீனை எடுத்துவிடுவோம். வாயைத் திறந்து இளைக்கிற நேரம் சாக்கை நனைத்துக் கூட்டின்மேல் போடுவேன். பசியில் அதுகள் என் கால் பெருவிரலைக் கொத்தும்.

ஒவ்வொரு நாளும் சாக்கு நனைக்கும்போது எனக்கு அந்த நினைவுதான். இதுகள் எங்களுடையவை அல்ல. முருகனுடையவை. அம்மாவிடம் சொல்லவேண்டும். குசினி வாசலில் போய் நிற்பேன். "என்ன?" என்பார் அம்மா. "தண்ணி" என்பேன். அந்த நாட்களில் நான் குடித்த தண்ணிக்குக் கணக்கில்லை.

ஒருநாள் கோயிலுக்குப் போய், ஐந்தை எடுத்துக்கொள், இரண்டை மட்டும் அம்மானுக்கு விட்டுவிடு என்று முருகனிடம் கேட்டுப் பார்த்தேன். முருகன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஐயாவும் அப்படித்தான். ஐயா பேசாமல் இருந்தால் அம்மா அதை ஓம் என்று எடுத்துக்கொள்வார். நானும் அப்படி எடுத்துக்கொண்டேன். ஆனால் வீட்டுப் படலைக்கு வருவதற்கிடையில் அந்த நம்பிக்கை போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலமை ஐயா இரண்டு கோழியைத் தூக்கிக்கொண்டு போனார். அதுகள் ஓடவில்லை, கத்தவுமில்லை, தீனுக்குத்தான் தூக்குகிறார்கள் என்று நினைத்திருக்கும். அப்போதும் எனக்குப் பேச்சு வரவில்லை. வேலிக்கரையில் கறையான் பானைக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டேன்.

பத்து மணிபோல அம்மான் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, நெற்றி நிறையத் திருநீறு. அம்மாவின் முகத்தை ஒரு ஆம்பிளைக்கு வைத்ததுபோல இருந்தார். அம்மா படலையடிக்கு ஓடிப்போனவர், அங்கே என்ன சொல்வதென்று தெரியாமல் "வாங்கோ" என்று மட்டும் சொன்னார். அவரும் "ம்" என்று மட்டும் சொன்னார். ஐயாதான் கதிரையைத் துடைத்து, மழை இல்லாததையும் வெங்காயம் விலைப்படாததையும் கதைத்துக் கதைத்து நேரத்தை ஓட்டினார். அம்மான் கலியாணத்தைச் சொன்னார். தேத்தண்ணி குடித்தார். சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்பப் பார்த்தார்.

"அண்ணை, சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்" என்றார் அம்மா.

"என்னத்துக்கு உனக்கு வீண் கரைச்சல்."

"எட்டுக் கிழமையாய் வளத்தனான்."

எதை வளர்த்தேன் என்று அம்மா சொல்லவில்லை. குசினியிலிருந்து இறைச்சிக் கறியின் சரக்குத்தூள் மணம் முன் வீடு வரைக்கும் வந்துகொண்டிருந்தது. அம்மான் குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். அம்மாவின் முகத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு சால்வையைக் கழற்றிக் கதிரையில் போட்டார்.

பாய் போட்டு இரண்டு வாழையிலை விரித்தார்கள். அம்மானும் ஐயாவும் இருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், வாழைக்காய்ப் பொரியல் எல்லாம் வைத்த பிறகு, அம்மா சட்டியோடு கொண்டுவந்து அந்தத் துண்டை அம்மானின் இலையில் வைத்தார். முழு நெஞ்சு. கையளவு என்று சொன்னது பொய்யில்லை.

"அண்ணை, நெஞ்சுத்துண்டு. சின்னனிலை நீங்கள் எனக்குத் தந்திட்டுக் கழுத்தைச் சூப்பினது எனக்கு ஞாபகம் கிடக்கு. இண்டைக்கு நீங்கள் தின்னுங்கோ."

அம்மான் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பருப்பும் சோறும் குழைத்து ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். இறைச்சியைத் தொடவில்லை. அவருடைய நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்தது. அம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடி குசினி வாசலில் நின்றார்.

ஐயாவுக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை. "மச்சான், உயிரோடை இருக்கேக்கையே உது நாலு அடிக்கு மேலை நடக்கேல்லை. இப்ப எங்கை ஓடப்போகுது? துணிஞ்சு தின்னுங்கோ" என்றார்.

அம்மான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடினார். பிறகு துண்டை எடுத்தார். கை நடுங்கியது. மெல்ல மெல்ல வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

எனக்கு அவருடைய வாய்தான் தெரிந்தது. அது ஒரு பக்கமாகக் கோணுவது தெரிந்தது. கோணின வாயோடு மகளின் கலியாணத்தில் நிற்பதும், என் தங்கச்சி வீட்டில் தின்றுதான் இப்படி என்று ஊருக்கெல்லாம் சொல்வதும், அம்மா மாமரத்தடியில் இருந்து அழுவதும் எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தன. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

"தின்னாதேங்கோ! அது முருகன்ரை கோழி!"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் என் வாழ்க்கையில் நான் அப்படிக் கத்தினதில்லை.

"என்னடி சொல்லுறாய்?" என்றார் அம்மா.

"நான் நேர்ந்துபோட்டன். குஞ்சு சாகேக்கை. பிழைச்சால் எல்லாத்தையும் முருகனுக்குத் தாறன் எண்டு சொன்னனான். பிழைச்சிட்டுது. பேந்து ரெண்டை விடச்சொல்லிக் கேட்டனான், அவர் ஒண்டும் சொல்லேல்லை. தின்றால் வாய் கோணிப்போகும்."

அம்மாவின் கையில் இருந்த அகப்பை மேலே எழும்பியது. எட்டுக் கிழமை. கறையான், நெத்தலித் தூள், நனைந்த சாக்கு எல்லாம் அந்த அகப்பையில் இருந்தது. "பாழாய்ப்போவாளே, இதைச் சொல்ல உனக்கு இப்பதானோ வாய் வந்தது?" என்றார். குரல் உடைந்துவிட்டது. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அந்தக் குரலிலேயே விளங்கியது.

அம்மான் துண்டை இலையில் திரும்ப வைத்தார். நெடிய மூச்சு ஒன்று விட்டார். நெடுந்தூரம் சுமை கொண்டுவந்தவர் இறக்கி வைத்ததுபோல இருந்தது.

"பிள்ளைக்கு அடியாதை தங்கச்சி" என்றார்.

தங்கச்சி என்ற சொல் கேட்டதும் அகப்பை தானாகவே கீழே வந்தது.

"முருகனுக்கு எண்டு வாயாலை சொன்னதிலை நான் கைவைக்க ஏலாது. இந்த இலையை எடுத்துப்போட்டு வேறை இலை போடு. சோறும் பருப்பும் போடு. கத்தரிக்காயும் கனக்கப் போடு. எனக்குப் பசிக்குது."

புது இலை போட்டார்கள். அம்மான் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பால்கறிச் சட்டியை வழித்தார். சொதியைக் கையில் ஏந்திக் குடித்தார். அம்மா பரிமாறிப் பரிமாறி அழுதார், அழுது அழுது பரிமாறினார். "உப்புக் காணுமோ அண்ணை" என்று கேட்டார். "காணும், நீ கண்ணைத் துடை, மிச்சத்துக்கும் உப்புக் கூடப்போகுது" என்றார் அவர். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்தாலும் எனக்குப் பயம் போகவில்லை. வளர்த்ததை அவர் தின்னவில்லையே. அது என்னால்தானே.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அம்மான் என்னைக் கூப்பிட்டு, "உன்ரை பேர் என்ன?" என்று கேட்டார். தன் மருமகளின் பெயர் அவருக்குத் தெரியாது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கோழிக்குத் திறந்த வாய் தன்ரை பேருக்குத் திறக்குதில்லைப் பாரன்" என்று சொல்லி என் தலையில் கையை வைத்தார்.

பிறகு அவர்தான் ஐந்து கோழியையும் கோயிலுக்குக் கொண்டுபோகவேண்டும் என்று நின்றார். இரண்டு ஓலைக் கடகத்தில் வைத்து அவரும் ஐயாவும் தூக்கினார்கள். நான் பின்னால் தீன் தட்டோடு போனேன். குருக்கள் கடகத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "முருகன்ரை கொடியிலை இதை ஏத்தினால் கொடிமரம் முறிஞ்சுபோகும். அதோடை இதிலை மூண்டு பேடல்லோ" என்றார்.

"பிள்ளை நேர்ந்தது, குருக்கள். பேடும் சேவலும் முருகன் பார்ப்பார்" என்றார் அம்மான்.

வெளி வீதியில் வைத்த இடத்திலேயே ஐந்தும் இருந்தன. கோயில் சேவல்கள் சுற்றி வந்து பார்த்தன. அன்றிலிருந்து நானும் அம்மாவும் ஒவ்வொரு நாளும் கோயிலுக்குத் தீன் கொண்டுபோனோம். கிளறித் தின்ன அதுகளுக்குத் தெரியாதே. வெயிலுக்கும் நிறைக்கும் தாங்காமல் ஒன்றொன்றாக ஆனி முடிவதற்குள் ஐந்தும் போய்விட்டன. கறுத்தப் பேடு மூன்று நாள் கூட்டைச் சுற்றிக் கூப்பிட்டுவிட்டு முருங்கையில் ஏறிவிட்டது. அந்தச் சட்டிக் கறியை ஐயா வேலிக்கரையில் குழி தோண்டித் தாட்டுவிட்டதாகச் சொன்னார். ஆனால் இரண்டு நாளாக அவருடைய கையில் சரக்குத்தூள் மணந்தது. நான் ஒரு மாதமாக ஐயாவின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது நேராகத்தான் இருந்தது.

வைகாசியில் அம்மானின் வீட்டுக் கலியாணத்துக்குப் போனோம். அம்மா முன் வரிசையில் நின்றார். கலியாண வீட்டில் சைவச் சமையல்தானே. அதற்குப் பிறகும் அம்மான் எங்கள் வீட்டுக்கு வந்து போனார். அவர் வருகிற நாளில் அம்மா கோழி என்ற பேச்சையே எடுப்பதில்லை. ஒருதரம் அடிபட்ட இடத்தை யாரும் தொடமாட்டார்கள். "எனக்குப் பால்கறி போதும்" என்று அவரும் சொல்லிவிடுவார்.

அம்மான் செத்தபோது எனக்குக் கலியாணமாகி இரண்டு பிள்ளைகள். எட்டுச்செலவுக்கு அளவெட்டிக்குப் போனோம். இந்த முறை ஆள் அனுப்பினார்கள். அம்மா முதல் நாளே போய் நின்று அம்மானின் மனைவி மாமியோடு சமையலுக்கு உதவினார். நான் போனபோது இருவரும் பின் விறாந்தையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். சட்டிகளைத் திறந்து பார்த்தேன். எல்லாம் மரக்கறி. எட்டுச்செலவு வீட்டில் மச்சம் இல்லையோ என்று மாமியிடம் கேட்டேன்.

"அவருக்குப் பிடிச்சதைத்தானே பிள்ளை படைக்கிறது. அவர் எங்கை மச்சம் தின்றவர்?"

அம்மா நிமிர்ந்தார். "எப்ப விட்டவர்?"

மாமி வெங்காயத்தைப் பார்த்தபடியே சொன்னார். "உங்கடை அம்மா கடைசி நேரம் உங்களைத்தான் கேட்டவ மச்சாள். இவர் ஆள் அனுப்பேல்லை. வீம்பு. எட்டுச்செலவிலை மீனும் இறைச்சியும் படைச்சு எல்லாரும் இருந்தம். இவர் சோத்திலை கைவச்சவர், எழும்பிட்டார். அதுக்குப் பேந்து ஒரு நாளும் மச்சம் தொடேல்லை. தொடமாட்டன் எண்டு அம்மாவின்ரை படத்துக்கு முன்னாலை சொன்னவர். உங்களுக்குத் தெரியாதோ?"

"எனக்கு ஆர் சொன்னது?"

"சொல்ல ஏலாது மச்சாள். சொன்னால் ஏன் விட்டனான் எண்டும் சொல்லவேணுமே."

அம்மா உரித்த வெங்காயத்தைச் சுளகில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ பாத்தனியெல்லோ? வாய் வரைக்கும் கொண்டுபோனவர் என்ன?"

"ஓம் அம்மா" என்றேன்.

அம்மா வெங்காயத்தைச் சுளகில் போட்டார். அவருடைய கை நடுங்கியதை நான் வடிவாகக் கண்டவள். அந்தக் கோழியை எட்டுக் கிழமை தூக்கித் தூக்கி வைத்தவளும் நான்தான். பொல்லாத பாரம். அதன் நெஞ்சுத்துண்டும் பாரமாக்கும், அதுதான் கை நடுங்குகிறது என்று கதவுக்குப் பின்னால் நின்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.